பசை போட்ட பக்கங்கள்

நெசவுப் பசை கொஞ்சம் பழசானால் புளித்த சோற்றுத் தண்ணீர்போல மணக்கும். எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் எந்தக் கதைப்புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் மூக்குக்கு வந்தது அந்த மணம்தான். சுனாமிக்கு அடுத்த வருடம், இரண்டாம் தவணை. தகரக் கொட்டகைக்குள் வியர்த்து வழிந்தது நினைவிருக்கிறது, மழை பெய்ததாக நினைவில்லை, ஆகவே அது மூன்றாம் தவணையாக இருக்க முடியாது. எனக்குப் பத்து வயது.

பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தைக் கடல் கொண்டுபோயிருந்ததால் மருதமுனையில் வீதிக்கு மேற்கே ஒரு வளவில் கொட்டகைகள் போட்டுப் படிப்பித்தார்கள். பல ஊர்களிலிருந்தும் காட்போட் பெட்டிகளில் கதைப்புத்தகங்கள் வந்தன. நூலகப் பொறுப்பு ரிஸ்மியா டீச்சருக்கு. அவர் ஒவ்வொரு புத்தகத்தையும் எங்களுக்குத் தருமுன் புரட்டிப் பார்த்து, கடல், வெள்ளம், சாவு வருகிற பக்கங்களை ஒன்றோடொன்று பசை தடவி ஒட்டிவிடுவார். தறியில் ஏற்றும் நூலை விறைப்பாக்க எங்கள் வீட்டில் காய்ச்சிய பசை அது. வாரத்துக்கு ஒருமுறை பால்மா டின்னில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

"ஒட்டின பக்கத்த ஒருத்தரும் பிரிக்கப்படாது, மத்தப் பக்கத்துல இரிந்து வாசிங்க" என்பது டீச்சரின் சட்டம். வீட்டில் உம்மாவும் அதையே வேறு விதமாகச் சொல்வார்: "புண்ணக் கிண்டினா ஆறாது புள்ள." இருவரும் எங்கள் நன்மையைத்தான் நினைத்தார்கள் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் நடந்தது என்னவென்றால், நாங்கள் ஒட்டிய பக்கங்களுக்காகவே புத்தகம் எடுக்கத் தொடங்கினோம். விரலால் தடிப்பைத் தடவிப் பார்த்து, "இதுல மூணு மௌத்து இரிக்கி" என்று சாவுகளை எண்ணி மதிப்புச் சொல்லும் நிபுணர்கள் வகுப்பில் உருவானார்கள். நரி ஒன்று கிணற்றில் விழும் கதைகூடத் தப்பவில்லை, பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, "டீச்சர், நரிட ஜனாஸா எப்ப?" என்று அடக்கத்துக்கு நேரம் கேட்டு, தண்டனையாக வாசலில் நின்றான். மறைத்த பக்கங்களில் நாங்களாக நிரப்பிக்கொண்டவை எந்த எழுத்தாளரும் பிள்ளைகளுக்கு எழுதத் துணியாதவை.

மின்ஹா என் வகுப்புத் தோழி. கடலோரத்தில் இருந்த அவர்களின் வீடு போனபின், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மாமி வீட்டில் உம்மாவோடு இருந்தாள். அவளுடைய ஆறு வயதுத் தம்பியைக் கடல் எடுத்திருந்தது, உடல் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் "மௌத்து" என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. வருகிறவர்களிடம் அவளுடைய உம்மா, "எங்கயாவது இரிப்பான்" என்று மட்டும் சொல்வார். அதன்பின் பேச்சு நெல் விலைக்கு மாறிவிடும்.

ஒருநாள் இடைவேளையில் மின்ஹா ஒரு புத்தகத்தை என் மடியில் போட்டாள். அக்காவும் தம்பியும் தோணியில் ஆற்றைக் கடந்து மாமா வீட்டுக்குப் போகிற கதை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தோணி புறப்படுகிறது. பிறகு பசை.

"இஞ்ச பாருகா, நாப்பத்தெட்டுல அவள் மட்டும் சோறு தின்றாள். தம்பியக் காணல்ல."

"மௌத்தாகியிருப்பான்" என்றேன்.

"அது எனக்கும் விளங்குது. அவன தண்ணிக்குள்ள இரிந்து எடுத்தாங்களா இல்லையா எண்டுதான் கேக்கிறன்."

எனக்குத் தெரிந்த ஒன்று டீச்சருக்குத் தெரிந்திருக்கவில்லை. நெசவுப் பசை நிலைத்து நிற்பதற்காகக் காய்ச்சப்படுவதல்ல. நெய்த சாரன் முதல் சலவைக்குப் போனதும் பசை கழன்று போக வேண்டும், அதற்குத்தான் அந்தப் பக்குவம். அடுத்த நாள் பள்ளி விட்டு வந்ததும், வாப்பா மதிய லுஹர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துத் தறிக் கொட்டிலில் உட்கார்ந்தோம். ஈரச் சீலையை ஓரத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க, பக்கங்கள் அலுங்காமல் பிரிந்தன.

அதில் இருந்தது இவ்வளவுதான். அன்றே கொப்பியில் எழுதிவைத்ததால் உறுதியாகச் சொல்கிறேன். தோணி கவிழ்கிறது. அக்கா ஒரு வேரைப் பிடித்துக்கொள்கிறாள். மூன்றாம் நாள் தம்பியின் உடல் ஆற்றோரக் கண்ணாப் பற்றைக்குள் கிடைக்கிறது. மாமா அவனைத் தூக்கி வருகிறார், ஊரார் அடக்கம் செய்கிறார்கள், அக்கா மண் போடுகிறாள். ஆறு பக்கத்தில் தண்ணீருக்கு ஒன்றரைப் பக்கம். மீதியெல்லாம் அடக்கம் செய்ததும் அவளை யார் யார் வீட்டுக்கு அழைத்தார்கள் என்பதும். நாங்கள் கற்பனை செய்த எதுவும் அங்கே இல்லை.

அடக்கம் செய்கிற பக்கத்தை மின்ஹா இரண்டு தரம் வாசித்தாள். அழவில்லை. "எடுத்திரிக்காங்ககா" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, தன் தம்பி கடல் வந்த அன்று போட்டிருந்தது நீலச் சேர்ட் என்றும் அதில் மேல் பொத்தான் இல்லை என்றும் சொன்னாள். அவன் போன நாளிலிருந்து அவனைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வசனம் அது.

திரும்ப ஒட்டும்போது பசை கூடிவிட்டது. புத்தகம் அப்பளம்போல் நெளிந்து காய்ந்தது. டீச்சர் அதை மேசையில் வைத்து, "ஆரு பிரிச்ச?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன், மின்ஹா எழும்பினாள்.

"நான்தான் டீச்சர்."

"வாசிச்சியா?"

"ஓம்."

கொட்டகை முழுவதும் பிரம்புக்காகக் காத்திருந்தது. டீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. புத்தகத்தின் நெளிந்த ஓரத்தைத் தடவியபடி, மின்ஹாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் (அவளுக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது) "அவன எடுத்தாங்களா?" என்றார்.

டீச்சர் வாசித்திருக்கவில்லை. தண்ணீர் என்ற சொல் வந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்தி, எதுவரை ஒட்டுவது என்று மேலோட்டமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார்.

"எடுத்தாங்க டீச்சர். அடக்கினாங்க" என்றாள் மின்ஹா. "இரி மகள்" என்றார் டீச்சர்.

அதன்பின் பசை போடுவது நின்றதா என்றால் இல்லை. அடுத்த வாரமும் வழக்கம்போல் பசை டின் கொண்டுபோனேன். ஆனால் புதிதாக ஒட்டிய பக்கங்களின் மேல் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருக்கும்: "தாய் மூன்றாம் நாள் இறந்தார், மகள் சாச்சி வீட்டில் இருக்கிறாள்." "ஆடு பிழைத்தது." அந்த வரிகளை எழுத டீச்சர் கடைசிவரை வாசித்திருக்க வேண்டும்.

இப்போது அந்த வளவில் மாடிவீடு நிற்கிறது. பசைக்குப் பூச்சி பிடித்து அந்தப் புத்தகங்கள் எல்லாம் கழிக்கப்பட்டுவிட்டன. பென்சில் வரி உள்ள ஒன்றுக்காகப் பல வீடுகளில் விசாரித்தேன், கிடைக்கவில்லை. போன மாதம் சாய்ந்தமருதைச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய கதையைப் பார்த்துத் தரச் சொன்னார். வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத கதை. வாசித்த பலரும், வாப்பா வெளிநாடு போனதாக மாற்றிவிடச் சொல்கிறார்களாம்.

கட்டாரில் இருக்கும் மின்ஹாவுக்கு அழைப்பெடுத்து அவள் கருத்தைக் கேட்டேன். "நாம பசைய உரிச்சு வாசிச்ச கதயப் போல எழுதச் சொல்லு" என்றாள். "அதுல அந்தத் தம்பிய மூணாம் நாள் உசிரோட எடுத்து மாமா தூக்கிட்டு வருவாரே, அப்புடி."

ஊரில் யார் திகதி பிசகிச் சொன்னாலும் இடைமறித்துத் திருத்துகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று, கொப்பியில் இருப்பதைச் சொல்லாமல், "ஓம்" என்று மட்டும் சொன்னேன். ஆசிரியைக்கு, வாப்பாவின் மரணம் அப்படியே இருக்கட்டும் என்றும், அதற்குப் பிறகு அடக்கத்துக்கு ஒரு முழு அத்தியாயம் வேண்டும் என்றும் எழுதி அனுப்பினேன்.