கோப்பையின் முதல் ஆறு மாதம்

நனைந்த பூட்ஸ் லேசில் காயாது. உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வைத்தாலும் ஊறிய தோலும் சேறும் கலந்த வாடை நாள் கணக்கில் வந்துகொண்டேயிருக்கும். அந்த வாடையோடு, இரண்டு பூட்ஸையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டபடி, புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். என் வீடு குன்றாண்டார்கோவில் பக்கம், நேர் எதிர்த் திசை. ஏன் 'இங்கிட்டு' நடந்தேன் என்று கேட்டால் எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அன்று காலைதான் கல்லூரியில், இந்த செமஸ்டர் பரீட்சையை நான் எழுத முடியாது என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் கால்பந்தில் சாம்பியன் ஆகி இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

சாம்பியன் என்றா சொன்னேன்? குழப்பமே அதில்தான்.

அப்போது நான் இரண்டாம் வருஷம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் லாரியோடு இரண்டு வாரம் போய்விட்டு வந்து ஒரு வாரம் வகுப்பில் உட்காருவேன். அப்பா இல்லை, வீட்டில் அரிசி வாங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதனால் 'அட்டெண்டன்ஸ்' பாதிகூடத் தேறவில்லை. ஆனால் ஓடுவேன். அந்த வருஷம் கல்லூரி அணியில் நடுவில் ஆட ஆள் இல்லாததால் பி.டி. சார் என்னைப் பிரின்சிபாலிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கப்போட வாங்க. அட்டெண்டன்ஸ் என் பொறுப்பு" என்றார். மற்றப் பையன்களுக்கு அது ஒரு போட்டி. எனக்கு அந்தக் கோப்பைதான் பரீட்சை.

பூட்ஸ் என்னுடையதல்ல. எங்கள் கேப்டனும் கோல்கீப்பருமான சிராஜ் கோட்டைப்பட்டினத்துக்காரன். அவன் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியதை, "எனக்கு நிக்கிற வேலைதான மாப்ள, ஓடுறவன் போட்டுக்க" என்று என் மேல் வீசிவிட்டான். ஒரு சைஸ் பெரிது. துணியைத் திணித்துக்கொண்டு ஆடினேன். அந்த ஐப்பசியில் எங்களை யாரும் தோற்கடிக்கவில்லை. செம்மண் தரையில் விழுந்து விழுந்து வெள்ளைச் சட்டைகள் எல்லாம் காவியாகிவிட்டன. "சாமியாரு டீமு வருதுடோய்" என்று எதிர் அணிக்காரர்கள் கத்துவார்கள்; நாங்கள் ஜெயித்துவிட்டு அவர்களுக்கு ஆசீர்வாதம் பண்ணுவோம்.

இறுதி ஆட்டம் எதிர் அணியின் ஊரில் நடந்தது. ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்தபோது பிடித்த மழை விடவேயில்லை. பந்தை உதைத்தால் தண்ணீர்தான் போயிற்று, பந்து போகவில்லை. பெனால்டி வைத்து முடித்துவிடலாம் என்றால் பெனால்டி அடிக்கும் இடம் முழுகிவிட்டது. நடுவர் குடையைப் பிடித்துக்கொண்டு காலால் தடவித் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு அணியும் 'ஜாயிண்ட் வின்னர்' என்றும், கோப்பை ஆளுக்கு ஆறு மாதம் என்றும், முதலில் யாருக்கு என்று காசு சுண்டிப் பார்ப்பது என்றும் முடிவாயிற்று.

"அப்ப நாம ஜெயிச்சோமா சார்?" என்று பி.டி. சாரிடம் கேட்டேன்.

"ஜெயிச்சோம்டா."

"அவங்க?"

"அவங்களுந்தான்."

"அப்பத் தோத்தது யாரு சார்?"

"நனைஞ்சுக்கிட்டு நின்னு என்னடா கேள்வி? வேன்ல ஏறு."

சுண்டிய காசு சேற்றில் செருகி நட்டுக்கொண்டு நின்றது. மறுபடி சுண்டினார்கள். சிராஜ் தலை கேட்டான், பூ விழுந்தது. அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பும்போது வேனில் பாதிப் பேர் பாடினார்கள், மீதிப் பேர் சும்மா இருந்தார்கள்; நான் எந்தப் பாதி என்பது நினைவில்லை.

பிரின்சிபால் அறையில் நடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"கப்பு எங்கப்பா?"

"அவங்ககிட்ட சார். சித்திரையில நமக்கு வந்துரும்."

"அப்பச் சித்திரையில வா."

பி.டி. சார் குறுக்கே வந்தார். "ஜாயிண்ட் வின்னரும் வின்னர்தான் சார்."

"நான் கப்போடன்னுதான சொன்னேன்? பாதி கப்புக்குப் பாதி அட்டெண்டன்ஸ் போடவா? அத வச்சுக்கிட்டு என்ன செய்வான்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் பிடிபடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பி.டி. சார் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது அந்தப் போட்டி நடப்பதில்லை. நாங்கள் பழகிய மைதானத்தில் பாதிக்குமேல் கல்லூரிப் பேருந்துகள் நிற்கின்றன. சித்திரையில் கோப்பை வந்ததாம். நான் அப்போது ஆந்திராவில் ஒரு லாரிமேல் இருந்தேன், பார்க்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து சிராஜ் எப்போதாவது பேசுவான்.

"நாம சாம்பியன்தான மாப்ள?"

"ஆமாடா."

"பெறகு ஏன்டா இங்க ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்?"



அன்று அந்த ஆலங்குடிச் சாலையில் நடந்து, ஒரு லாரியில் தொற்றி, இருட்டும் நேரத்தில் கீரமங்கலம் போய்ச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் ஒரு தேங்காய் மண்டியில் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வேலை பார்க்கச் சொன்னார்கள். பூட்ஸை ஒரு சாக்குமேல் வைத்துவிட்டுக் குவியலுக்குப் போனபோது, உரித்த காய் ஒன்று சரிந்து என்னை நோக்கி உருண்டு வந்தது. என்னையறியாமல் வெறுங்காலால் அதை நிறுத்தி, பாதத்தால் ஏந்தி எற்றினேன். போய்க் குவியலின் உச்சியில் உட்கார்ந்தது. மட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் உரிக்கும் கம்பியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏய் பந்துக்காரத் தம்பி, சாமிக்கு ஒடைக்கிற காயிடா அது. காலு படக் கூடாது. கையால எடு."

"சரிங்கண்ணே" என்றேன். குனிந்து அடுத்த காயைக் கையால் எடுத்தேன். கை பட்டதற்கு யாரும் விசில் ஊதவில்லை.