அக்காவும் மெஸ் இட்லியும்: திருப்பூரிலிருந்து உடுமலைப் பக்கம் ஒரு ஞாயிறு

இன்று நானும் அக்காவும் திருப்பூரிலிருந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் போய் வந்தோம். அமராவதி அணை பார்க்க என்று அம்மாவிடம் சொன்னோம். அது பொய். அக்காவால் வெளிச்சாப்பாடு சாப்பிட முடியுமா என்று பார்க்கத்தான் போனோம். இப்போது போர்வைக்குள் ஃபோனை மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் திரையை அணைத்துவிடுகிறேன். எங்களைப் போல யாராவது கிளம்பக்கூடும் என்பதால் நேரம், தூரம், காசு எல்லாம் சரியாகத் தருகிறேன்.

அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. ஆட்டிசம் உள்ளவள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நாக்கும் அப்படித்தான். அம்மா ஊற்றும் இட்லி, தயிர்ச்சோறு, ஒரே கம்பெனியின் உப்பு பிஸ்கட், தோல் சீவிய ஆப்பிள்: பல வருடங்களாக இந்த நான்குதான். இப்போது செக்கிங் பிரிவை உடுமலைப் பக்கம் மாற்றுகிறார்கள். வாரத்தில் ஐந்து இரவு விடுதியில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட வேண்டும். வருவதா இல்லையா என்று நாளை எழுதிக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் வேலை போய்விடும். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு கல்யாணத்தில் உறவுக்காரர் ஒருவர் விளையாட்டாக அக்காவின் வாயில் லட்டைத் திணித்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் எதையும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் உதடுகள் வெடித்துக் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்று மறுபடி அப்படி நடந்தால் கூட இருப்பது பத்தாம் வகுப்பு படிக்கும் நான் மட்டும்தான்.

அக்கா தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறாள். கம்பெனியில் ஆர்டர் தைக்கும் முன் ஒரே ஒரு பீஸை சாம்பிளாக அனுப்பி, சரி என்று ஒப்புதல் வாங்குவார்கள். பிறகு வரும் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடுவார்கள். புதுச் சாப்பாட்டையும் அவள் அப்படித்தான் பார்க்கிறாள். முதலில் பார்ப்பது, பிறகு தொடுவது, முகர்வது, நக்குவது, மென்று துப்புவது, கடைசியில் விழுங்குவது. எந்தப் படியிலும் ரிஜெக்ட் செய்யலாம். அம்மாவின் தோசைக்கு இப்படிப் பதினோரு நாள் ஆனது. அதையும் ரிஜெக்ட் செய்துவிட்டாள்.

காலை 6.20க்குப் பழைய பேருந்து நிலையத்தில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு 55 ரூபாய். பல்லடம் தாண்டியதும் பின்சீட்டில் யாரோ புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அக்கா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தி, சன்னலோடு ஒட்டிக்கொண்டாள். நான் வாந்திக்கு வைத்திருந்த கவரை விரித்துப் பிடித்தபடியே குடிமங்கலம் வரை வந்தேன். அவள் வாந்தி எடுக்கவில்லை. 8.25க்கு உடுமலை. அங்கிருந்து கொமரலிங்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், பெண்களுக்கு இலவசம். இறங்கி அறுநூறு மீட்டர் நடந்தால் விடுதி.

மெஸ்ஸில் சமைப்பவர் நூர்ஜகானம்மா. அக்காவுக்கு இரண்டு இட்லி வைத்தார். அக்கா ஒன்றை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

“ஏங் கண்ணு, ஓட்டை இருக்குதான்னா பாக்கறே? இட்லின்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும்!”

“ஓட்டை பரவாயில்லீங்க. ரெண்டும் ஒரே சைஸா இல்லீங்க.”

“அளவெடுத்து ஊத்தறதுக்கு இதென்ன பனியனா அம்மிணி?” என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

அக்கா தொட்டாள், முகர்ந்தாள். முகம் சுளித்தது. கை கழுவ எழுந்து போனாள். என் பையில் ஒரு டப்பாவில் அம்மாவின் இட்லி நான்கு இருந்தது. அதை வெளியே எடுக்கவே கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. அவள் திரும்புவதற்குள் மெஸ் இட்லியை டப்பாவில் போட்டு, அம்மாவின் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டேன். இன்று மட்டும் சாப்பிட்டுவிட்டால் போதும் என்றுதான் தோன்றியது.

அவள் வந்து இட்லியைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது அம்மா இட்லி.”

“இல்லக்கா.”

“அடியில துணி வரி இருக்குது. இங்க தட்டுல எண்ணெய் தடவித்தான் ஊத்தறாங்க. சாம்பிளை மாத்திட்டே, பாப்பா.”

கம்பெனியில் சாம்பிளை மாற்றியவரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அக்கா காதுகளைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். லட்டு நாள் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை திணித்தது நான் என்று நினைத்தேன். அழுதுகொண்டே நூர்ஜகானம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அடப் பாவிப் புள்ள, என்ர இட்லி மேல அத்தனை நம்பிக்கையா உனக்கு?” என்றார். பிறகு ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினார்.

இருபது நிமிடம் கழித்து அக்கா கையை எடுத்தாள். “புதுசா ஒண்ணு குடுங்க. இவ கையில குடுக்காதீங்க.”

என்னை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டாள். அங்கிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. 10.10லிருந்து 10.55 வரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாயைக் காகிதத்தில் துப்பினாளாம். மொத்தம் அரை இட்லி விழுங்கினாள். நூர்ஜகானம்மாதான் வந்து சொன்னார்.

11.40 பஸ்ஸைப் பிடித்து, இரண்டரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். வழி நெடுக அக்கா வேறு சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாள். இரவு ஏழு மணிக்கு எப்போதும் போல அம்மாவின் இட்லி மூன்றைச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நானும் தட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சன்னலோரச் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள். சாப்பிடும் இடத்தில் கிரைண்டர், மிக்ஸி ஓடுகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பழகிய சாப்பாடு கொண்டுபோகலாம், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்தே கொண்டுபோங்கள். தட்டில் எதையும் மாற்றாதீர்கள். அரை இட்லியோடு திரும்பினால் அரை இட்லி என்றே சொல்லுங்கள்.

அரை இட்லியை வைத்து ஐந்து இரவை எப்படிக் கழிப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. முதல் வாரம் பிஸ்கட்டும் ஆப்பிளும் எடுத்துப்போகிறாளாம், நூர்ஜகானம்மாவிடம் தினமும் ஒரு இட்லி கேட்பாளாம். காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வருகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாள். படுக்கும் முன் மெதுவாகக் கேட்டேன், சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்கட்டுமா என்று.

“நில்லு,” என்றாள். “ஆனா நீ எதுவும் பேசாதே.”