பதினோராம் பக்கத்துச் சண்டை

அச்சகத்தில் அவளை எல்லாரும் பைண்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு வந்தவள், பதினாறு வருஷமாக அடுத்தவர்கள் எழுதியதை மடித்து, தைத்து, பசை பூசி, அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். வேலை சுத்தம், வாய்தான் ஆகாது. முதலாளியே அவள் முகத்தை ஒரு தடவை நோட்டம் பார்த்துவிட்டுத்தான் வேலை சொல்வார்.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஒரே மகள், ஒன்பது வயது. அவளுடைய துறுதுறுப்பைப் பார்த்து எல்லாரும் கொசு என்றார்கள். கொசு பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள். மூன்றாவது வரியில் தலையில் குட்டு விழும். அத்தோடு அன்றைய படிப்பு முடிந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பக்கத்துக் கல்லூரியில் சேவைப் பாடம் என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். அதில் சேர்ந்த மாணவிகள் வாரம் இரண்டு நாள் வந்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பார்களாம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் கீழே ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தாள்.

கொசுவுக்கு வாய்த்தவள் ஒரு கண்ணாடிக்காரி. முதல் நாளே இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. கொசு புத்தகத்தின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்; கண்ணாடிக்காரி கடிகாரத்தைப் பார்த்தே ஒரு மணி நேரத்தை ஓட்டினாள். மூன்றாம் வாரம் மகளை அழைத்துப்போகச் சீக்கிரமே போன அம்மாவுக்கு, "படிக்கிறியா, இல்ல டீச்சர்கிட்ட சொல்லவா?" என்ற அதட்டல் வராந்தாவரை கேட்டது.

"எம் பொண்ண அதட்ட நான் இருக்கேன். நீ உன் வேலையப் பாரு," என்று வாசலில் நின்றே ஒரு போடு போட்டாள்.

"இதுதாங்க என் வேலை," என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமல்.

அடுத்த மாதம் அச்சகத்துக்கு அந்தக் கல்லூரியின் சிறு புத்தகம் ஒன்று வந்தது. முந்நூறு பிரதி, மறுநாளே வேண்டும். மளமளவென்று மடித்துக்கொண்டு போனவள் பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டாள். படத்தில் கொசு. குனிந்த தலை, வரிமேல் ஊன்றிய விரல். கீழே அச்சாகியிருந்தது: "இந்தக் குழந்தையின் வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. தாய் கூலித் தொழிலாளி. படிப்பின் அருமை அறியாதவர். அந்த இருட்டில் நான் ஒரு சிறு விளக்கை ஏற்றினேன்."

அவளுக்குக் காது மடல் கொதித்தது. கைப்பசையைக்கூடத் துடைக்காமல் அந்தத் தாளை உருவிக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போனாள்.

சேவைப் பாடத்தைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியர் கண்ணாடிக்காரியை வரவழைத்தார். "பேர் எதுவும் போடலையேம்மா," என்று சமாதானம் சொன்னார்.

"மூஞ்சியப் போட்டிருக்கீங்களே சார், பேர் எதுக்கு?"

"வீட்ல புக் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னு அவதான் சொன்னா," என்றாள் கண்ணாடிக்காரி.

"இல்லதான். வருஷம் பூரா ஆயிரக்கணக்குல இந்தக் கையால தைக்கிறேன், ஒண்ணுகூட வீட்டுக்கு வரல. அத எழுதினியா? அருமை தெரியாதவளாம்! கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவ விளக்கு ஏத்துனாளாம்!"

அந்தப் பெண் கோப்பைப் பிரித்து ஒரு தாளை மேசைமேல் போட்டாள். "படம் எடுக்கலாம், எழுதலாம்னு இதுல தெளிவா இருக்கு. கையெழுத்து உங்களுதுதானே? படிச்சுப் பாக்காம போட்டது யாரு?"

அவளுடைய கையெழுத்தேதான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தாளை மேசைமேலேயே திருப்பித் தள்ளினாள்.

"சரி. இனிமே படிப்பேன். ஒவ்வொரு எழுத்தா படிப்பேன். நீ வேற எழுதிக் கொண்டா."

விஷயம் வெளியே போனால் வம்பு என்று பேராசிரியர் புத்தகத்தை நிறுத்திவைத்தார். கட்டுரையை மாற்றி எழுதி அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினால்தான் மார்க் என்றும் சொல்லிவிட்டார்.

மாற்றி எழுதிய கட்டுரையின் முதல் பிரதி கொசுவின் பையில் வந்தது. பைண்டிங் அக்கா சிவப்புப் பேனாவை எடுத்து "பாவம்" என்ற சொல்லை அடித்து, ஓரத்தில், "பாவம் என்று சொல்ல நீ யார்?" என்று எழுதினாள். திரும்பி வந்ததில், "உங்கள் மகள் மூன்று வாரமாக என்னைக் கிள்ளுகிறாள். அதையும் எழுதட்டுமா?" என்று இருந்தது. "எழுது. எதற்குக் கிள்ளினாள் என்பதையும் சேர்த்து எழுது," என்று இவள் அனுப்பினாள். இப்படியே ஐந்து தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டுரை சுருங்கியது. ஓரத்தில் சண்டை வளர்ந்தது.

ஒரு சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கொசு வந்து நின்றாள்.

"அம்மா, ஆணவம்னா என்ன?"

"எங்கடி பாத்த?"

"நீ அவங்களுக்கு எழுதினதுல. 'உன் ஆணவத்தை உன் வீட்டில் வைத்துக்கொள்'னு இருக்கே. அவங்க பதிலுக்கு 'அநாகரிகம்'னு எழுதியிருக்காங்க. அதக் கூட்டாமலே படிச்சிட்டேன்."

பள்ளிக்கூட வாசல் படியில் உட்கார்ந்து, போகும் தாளையும் வரும் தாளையும் அவள் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். குட்டுவதற்கு உயர்ந்த கை பாதியில் நின்றது.

"அநாகரிகம்னா என்னன்னு அவகிட்டயே கேட்டியா?"

"கேட்டேன். உங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும்னு சொன்னாங்க."

ஆறாவது பிரதியில் ஐந்தே வரி இருந்தது. "இந்தக் குழந்தைக்கு ஒன்பது வயது. அம்மா புத்தகம் தைக்கிறார். நான் போனபோது எழுத்துக் கூட்டினாள். இப்போது வாக்கியமாகப் படிக்கிறாள். அவள் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை." பைண்டிங் அக்கா மூன்று முறை படித்தாள். அடிக்க ஒரு சொல் கிடைக்காத எரிச்சலோடு கையெழுத்துப் போட்டாள்.

வருஷக் கடைசியில் திணறுகிறவர்கள் பட்டியலிலிருந்து கொசுவின் பெயரை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக்காரிக்கும் மார்க் வந்துவிட்டது. பிறகு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் மூவரும் எதிரெதிரே நின்றார்கள். கொசு கையை ஆட்டப் போனாள். கண்ணாடிக்காரி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினாள்.