காட்டெருமையின் ஐந்தாம் பாகம்

என் சித்தப்பாவுக்குத் தமிழில் பேச வைத்த ஆங்கிலப் படமென்றால் உயிர். அதிலும் வேற்றுக்கிரகத்து இரும்பு எந்திரம் ஒன்று மனிதர்களைத் துரத்தும் படத்தின் மேல் தனிப் பிரியம். அது ஐந்து பாகம் வரை வந்துவிட்டது. முதல் பாகத்தில் ஒரே ஓர் எந்திரம். அதையும் பாதிப் படம் வரை கண்ணில் காட்டமாட்டார்கள். எங்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. இரண்டாவதில் இரண்டு வந்தன. ஐந்தாவதில் ஈசல் மாதிரி வந்தன. செத்துப்போன கதாநாயகன் மூன்றாம் முறையாக எழுந்து வந்தான். நான் டிவி முன்னாலேயே தூங்கிப்போனேன். நன்றாக இருந்த கதையை ஏன்தான் இப்படிக் கெடுக்கிறார்களோ என்று பத்து வயதில் எனக்கு ஆறாத கோபம்.

நீலகிரியில் கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் சித்தப்பாவுக்கு வேலை. ஷிஃப்ட் ஒத்துவந்தால் பள்ளி விட்டு வரும் என்னைப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூட்டி வருவார். தேயிலைக்கு நடுவே ஏறும் பாதையில் ஒரு வளைவு உண்டு. அதற்கு அந்தப்புறம் என்ன நிற்கிறதென்று தெரியாது. அதனால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் யாராக இருந்தாலும் அங்கே வந்ததும் கை தட்டுவார்கள், இருமுவார்கள், இல்லாத ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆள் வருவது தெரிந்தால் காட்டெருமை தானாக விலகிவிடும்.

அன்று மூடுபனி இறங்கியிருந்தது. சித்தப்பா முதல் பாகத்தை மறுபடி சொல்லிக்கொண்டு வந்தார். கதாநாயகன் லிஃப்டுக்குள் ஒளிந்திருக்கிறான்; கதவுக்கு வெளியே எந்திரத்தின் காலடி. அந்தக் கட்டம் வந்தாலே அவர் குரல் கிசுகிசுப்பாகிவிடும். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருவருமே கை தட்ட மறந்து வளைவைத் தாண்டினோம்.

நாலு எட்டு தூரத்தில் அது நின்றது. ஒரே ஒரு காட்டெருமை, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு கன்று.

"அசையாத கண்ணு," என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது. கையைப் பின்னால் நீட்டி என்னைத் தேயிலைச் செடிகளுக்குள் அமுக்கினார். "நான் கூப்புடற வரைக்கும் வெளிய வந்துராத."

அது உஸ்ஸென்று மூச்சு விட்டது. குளம்பால் மண்ணைக் கிளறியது. சித்தப்பா ஓடியிருக்கலாம். ஓடினால் அடுத்து அதன் கண்ணில் படுவது நான்தான். அவர் நகராமல் நின்றார். திடீரென்று தரை அதிர்ந்தது, செடிகள் முறிந்தன, கன்று என்னை உரசுவதுபோல ஓடியது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"சித்தப்பா," என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிடப் பயமாக இருந்தது. அதற்கும் பதில் வராவிட்டால் என்ன செய்வேன்?

"இருக்கறேன் கண்ணு," என்று கடைசியில் ஓரத்து வாய்க்காலுக்குள்ளிருந்து குரல் வந்தது. ஜெர்கின் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்திருந்தது. உடம்பில் ஒரு கீறல்தான். தண்ணீர் கேட்டார். என் பாட்டிலின் மூடியைத் திறக்க அவர் விரல்களால் முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

அன்று மாலை நடந்ததை நடந்தபடியே வீட்டில் சொன்னார். மாசமாக இருந்த சித்தி கிழிந்த ஜெர்கினை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிப்போனது, தொடவில்லை. மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியபோது வாசலை மறித்துக்கொண்டு அழுதாள்.

பக்கத்து வீட்டாருக்குச் சொன்னபோது எருமைகள் இரண்டாகியிருந்தன. அதற்கடுத்த தரம் சித்தப்பா ஒன்றின் கொம்பைப் பிடித்துத் திருப்பினார். ஐந்தாம் தரம் ஏழு எருமைகள் வந்தன. அத்தனையையும் குடையாலேயே அடித்து விரட்டிவிட்டார். அன்று அவரிடம் குடையே இல்லை. லைன் பிள்ளைகள் பாதியிலேயே விளையாடப் போய்விட்டார்கள். சித்தி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணுதானுங்க சித்தப்பா இருந்துச்சு," என்றேன்.

சித்தப்பா தரையைப் பார்த்தார். சித்தியின் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஏழாவே இருந்துட்டுப் போகட்டும், உடு கண்ணு," என்றாள்.

படமெடுக்கிறவர்களைப் போல இவரும் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்தது. சில நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் அதே வளைவுக்கு வந்தோம். நல்ல வெயில், மேலே லைன் வரைக்கும் பாதை துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது. சித்தப்பா கை தட்டினார். நின்று கேட்டார். மறுபடி தட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"வலிக்குதுங்க சித்தப்பா," என்றேன். அவர் விடவில்லை.

ஏழு காட்டெருமைகளை விரட்டியவர், ஒன்றுமே இல்லாத பாதையில் ஏன் என் கையை இப்படி நெரிக்கிறார் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.