பன்னிரண்டரை மணிக்கு என்ன கிழமை?

அருப்புக்கோட்டையில் அக்கா வீட்டின் முன்பக்கம்தான் மச்சானின் நூல் கடை. தொண்ணூறுகளில், ஊரில் நாலு பேர் வாங்குகிறார்களே என்று அவரும் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சந்தனம் குங்குமம் வைத்தார், உறை போட்டு மூடினார், அதோடு சரி. நான் அப்போது மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். பாலவனத்தத்தில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்று பேச்செடுத்தாலே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அதனால் விடுமுறை நாளெல்லாம் அக்கா வீட்டில் டேரா.

எனக்கு வந்திருந்த வேலை இதுதான். மலைமேல் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படமெடுக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று, அலுவலகம் பெங்களூரில். அங்கே எடுக்கும் ஒவ்வொரு படத்தின் தலையிலும் சில வரிகள் எழுதியிருக்கும்: எந்த நட்சத்திரம், என்ன தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம் எடுத்தது. படத்தைத் தொடாமல் அந்த வரிகளை மட்டும் திரட்டித் தேதிவாரியாகப் பட்டியல் போட ஒரு புரோகிராம் வேண்டும். கறுப்புத் திரையில் ஒற்றை வரியில் கட்டளை தட்டினால் பட்டியல் வந்து விழ வேண்டும். எழுதிக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினால், அங்கே காலியாக இருந்த ஒரே ஒரு பயிற்சி இடம் எனக்கு. திங்கட்கிழமை மதியம் வரச் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்தவனுக்கு. எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. சோறு தட்டில் இருக்க நான் எழுந்து கம்ப்யூட்டரிடம் ஓடுவேன், அக்கா திட்டுவாள்.

"நட்சத்திரத்த எப்ப மாப்ள காட்டுவ?" என்று மச்சான் தினமும் கேட்பார்.

"படம் பெருசு மச்சான், பிளாப்பியில கொள்ளாது. தலையில உள்ள எழுத்த மட்டும் வெட்டிக் குடுத்துருக்காக."

"அப்ப நீ சினிமாக் கொட்டகைக்குப் போயி, எழுத்துப் போடுறத மட்டும் பாத்துட்டு எந்திரிச்சு வாரவன்னு சொல்லு."

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கம்ப்யூட்டர் அவருடையதாயிற்றே.

தெரு முழுக்க விசைத்தறி. எங்களுக்குச் சத்தம் பழகிப்போனது. சத்தம் நின்றால்தான் திடுக்கென்று இருக்கும், கரண்ட் போய்விட்டது என்று. நான் சேமித்து வைக்காமல் விட்ட வரிகளும் அதோடு போகும். "ஐயோ" என்று கடைக்குள்ளிருந்து கத்துவேன். அடுப்படியில் அக்கா சிரிப்பது கேட்கும்.

எப்படியோ முடித்தேன். அதில் எனக்குப் பெரிய பெருமை ஒன்று. படத்தின் தலையில் நேரம் லண்டன் கணக்கில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் நேரமாக மாற்றி, தேதிவாரியாகப் பிரித்திருந்தேன். கேட்காமலே செய்த வேலை. பேஷ் என்று முதுகில் தட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தூத்துக்குடியிலிருந்து வரும் பெங்களூர் பஸ் எங்கள் ஊருக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு வரும். மச்சான் திருச்சுழியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, "நானே எடுத்துட்டு வாரேன்" என்று டிக்கெட் எடுத்து வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையில் சட்டை அடுக்கிக்கொண்டே டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன்.

"மச்சான், இது ஞாயித்துக்கெழம டிக்கெட்டு!"

"இன்னிக்கி ராத்திரிதான போற? ஞாயித்துக்கெழமதான்."

"பன்னெண்டு மணிக்கு மேல திங்கக்கெழம ஆயிரும் மச்சான். இந்த பஸ்ஸு நேத்து ராத்திரி நாம தூங்கையிலயே போயிருச்சு!"

"அதெப்படிப் போகும்?" அவருக்கும் குரல் ஏறிவிட்டது. "போன வருசம் பொங்கலுக்கு நம்ம கோயில்ல நாடகம் போட்டாகள்ல. செவ்வாக்கெழம ராத்திரி ஆரம்பிச்சு விடியத்தான் முடிஞ்சுச்சு. பாதி செவ்வாக்கெழம நாடகம், பாதி புதங்கெழம நாடகம்னா சொன்னாக? ஒரே ராத்திரிய நடுவுல ரெண்டா வெட்டுறவன் எவன் மாப்ள?"

எவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான்தான்.

பையைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடிப் புரோகிராமை ஓட்டினேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து மூன்று மணி வரை விடாமல் படமெடுத்திருக்கிறார்கள். என் பட்டியலில் அதில் பாதி ஒரு தேதியில், மீதி அடுத்த தேதியில். எல்லா ராத்திரியும் இப்படித்தான் இரண்டாகக் கிடந்தது. எத்தனையோ தடவை இதே பட்டியலைப் பார்த்து மெச்சிக்கொண்டவன் நான். லண்டன் நேரத்தை மாற்றாமல் விட்டிருந்தால் நமக்கு விடிகிற நேரத்தில்தான் தேதி மாறியிருக்கும், வெட்டே விழுந்திருக்காது. என் கெட்டிக்காரத்தனம்தான் கெடுத்தது.

"மதுரைக்குப் போனா வேற பஸ்ஸு கெடைக்கும், கெளம்புற வழியப் பாரு. இப்பப் போயி அதக் கட்டிக்கிட்டு அழுற" என்றாள் அக்கா. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் தப்பான புரோகிராமோடு நேரத்துக்குப் போய் என்ன செய்ய? உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த கையோடு தறிச்சத்தம் நின்றது.

அன்றைக்கு மின்வாரியத்தை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நூல் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதிப் பார்த்தேன். நம் நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, அப்புறம் தேதியைப் பார்த்தால் போதும். விடியும்வரை எடுத்த படமெல்லாம் முந்தின நாள் பேரிலேயே சேர்ந்துவிடும். மச்சான் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். டிக்கெட் விஷயத்தில் அவருக்கு முகம் வாடித்தான் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஊருக்குள்ள யார வேணாலும் கேளு" என்று முணுமுணுத்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டி தெரு முழுக்கத் தறிகள் தடதடவென்று எழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம் நான் பட்டதே இல்லை. தட்ட ஆரம்பித்தேன். அவர்களுக்கு எந்தக் கணக்கு வேண்டுமோ, ஞாயிற்றுக்கிழமை யாரைக் கேட்பது? பழைய கணக்கையும் வைத்தேன். கட்டளைக்குப் பின்னால் ஒரு வார்த்தை சேர்த்தால் முழு ராத்திரிக் கணக்கு வரும் என்று செய்தேன். அந்த வார்த்தைக்கு ஒரு பேர் வேண்டும். யோசிக்க விடாமல், வாசலில் மொபெட்டை முறுக்கிக்கொண்டு, "போதும் மாப்ள, எந்திரி!" என்று அவர் கத்தினார். ஆங்கில எழுத்தில் மச்சான் என்றே தட்டினேன்.

மதுரையில் பெங்களூர் பஸ்ஸில் சீட் இல்லை. டிரைவர் பக்கத்தில் சூடான இன்ஜின் மூடியின்மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன்.

மதியம் நிலையத்தில் ஒரு விஞ்ஞானி அம்மா தானே கட்டளையைத் தட்டிப் பார்த்தார். "ராத்திரியை இரண்டாக்கி வைத்திருக்கிறாயே" என்று முகத்தைச் சுளித்தார். நான் அந்த வார்த்தையைச் சேர்த்துத் தட்டினேன். ராத்திரிகள் ஒவ்வொன்றும் முழுசாக வந்து விழுந்தன. திரையில் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். "நாங்களும் சாயங்காலத்துத் தேதியில்தான் எண்ணுவோம். உனக்குச் சொல்ல மறந்துபோனோம். இது யார் சொன்னது?" என்றார். எங்கள் ஊர்க் கணக்கு என்றேன். இடம் கிடைத்தது.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து அக்காவும் மச்சானும் பெங்களூர் வந்தார்கள். அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினேன். ஒரு அறையில் நரைத்த தலை விஞ்ஞானி ஒருவர், தமிழ் ஒரு எழுத்து தெரியாதவர், தன்பாட்டுக்குக் கட்டளை தட்டிக்கொண்டிருந்தார். மச்சான் திரையை எட்டிப் பார்த்து ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படித்தார்.

"ஏ மாப்ள, இவுக எதுக்கு மச்சான்னு எழுதுறாக?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து கேட்டைப் பார்க்க நடந்தார். அன்றைக்கு அவ்வளவு கத்தினேனே தவிர, அவர் பேரை எங்கே வைத்திருக்கிறேன் என்று அவருக்கு ஒரு கடிதத்தில்கூட எழுதியதில்லை.

கேட்டருகே நின்றார்.

"அப்ப அன்னிக்கி டிக்கெட்டு நாஞ் சரியாத்தான எடுத்துருக்கேன்?"

"சரியாத்தான் எடுத்தீக மச்சான்," என்றேன். "பஸ்காரந்தான் தப்பா வந்துட்டான்."