அறுபடாத வயர்

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாள்தான் அப்போதெல்லாம் பிரவுசிங் சென்டர்களுக்குத் தீபாவளி. திண்டிவனத்தில் நிருபரான நான் செய்தி அனுப்பும் மாடிக் கடையில் அன்று படிக்கட்டு வரை கூட்டம். இணையம் மட்டும் இல்லை.

கடைக்காரர் கணிப்பொறியை அணைத்து அணைத்துப் போட்டார். எதிரே தரைத்தளத்தில் இன்னொரு சென்டர், அவருடைய பழைய பங்குதாரருடையது. பிரிந்த பிறகு இருவருக்கும் பேச்சில்லை. இவருடைய கூட்டம் ஒவ்வொருவராக இறங்கி அங்கே போய்க்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே, நேத்து அமாவாசைக்கு மலையனூர் கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்களே, ஆத்தா லைனு குடுக்கலியா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "காத்தால எதிர்க்கடைக்காரன் கம்பத்துல ஏணி போட்டுக்கினு நின்னான். ஒயர கட் பண்ணிட்டான்" என்றார். ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியோடு இறங்கினார்.

ஜன்னலில் எல்லாம் தெரிந்தது. "பேனர் கட்டிக்கினு இருந்தேன்யா. ஒன் ஒயரு எதுன்னே தெரியாது" என்று எதிர்க்கடைக்காரர் சொல்லி முடிக்கவில்லை. தடுக்கத் தூக்கிய மணிக்கட்டில் கம்பி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மாடிக்குக் கேட்டது. அடுத்தது காதுக்கு மேல். விழுந்தவரைக் குனிந்து அடித்தார். ஆட்கள் ஓடிவந்து இழுத்தபோதும் கம்பியை விடவில்லை.

நான் மோடத்தைப் பார்த்தேன். தொலைபேசி லைனுக்கான விளக்கு நிதானமாக எரிந்தது. வெளியே வயர் அறுந்திருந்தால் அது எரியாது. கணிப்பொறிக்கான விளக்குதான் அணைந்திருந்தது. பழுது இந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில். இரண்டையும் இணைக்கும் நீல வயரைக் கழற்றி வேறொன்றைச் சொருகினேன். எரியவில்லை. மோடத்தைத் திருப்பினேன். வயர் சொருகும் துளைக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

"அவருதாங்க நேத்து கோயில் சந்தனத்துல பொட்டு வச்சாரு" என்றார் கல்லாவில் இருந்த கடைக்காரரின் மனைவி. "முன்னாடி வச்சா லைட்ட மறைக்கும்னு, ஒயரக் கழட்டிட்டு பின்னாடி வச்சாரு."

பக்கத்துத் துளையில் சொருகினேன். விளக்கு வந்தது.

கடைக்காரர் மேலேறி வந்தார். சட்டைக் கையில் ரத்தம். "வந்துட்ச்சா?"

"எதிர்க்கடைக்காரரு ஒயரத் தொடவே இல்லீங்க" என்றார் மனைவி.

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, முடிவுப் பக்கத்தைத் திறந்தார். முன்னால் நின்றது மகளுக்காக ஓமந்தூரிலிருந்து வந்திருந்த அம்மாள். "நம்பர் சொல்லும்மா" என்றார்.

அந்த அம்மாள் அவருடைய கையைப் பார்த்தார். ஹால் டிக்கெட்டை மடித்துக்கொண்டார். "வாணாம்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள்.

போலீஸ் வந்தபோது இணையம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கடைக்காரர் விசைப்பலகை மேல் கையை வைத்தபடி, "நம்பர் சொல்லுங்க, ஜல்தி" என்று காலிப் பெஞ்சைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.