பீரோவுக்குள் கேட்ட மூச்சு

ஜெகதீசன் வீட்டில் முருங்கைக்காய் சாம்பாரில் விழுந்ததைவிட எலும்பாக முறிந்ததுதான் அதிகம். ஏதாவது ஒரு படத்தில் வில்லன் எவன் கையையாவது முறுக்கினால், ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் இரண்டாவது மாடி வீட்டில் இவன் மைக் முன்னால் ஒரு காயைத் திருகியிருக்கிறான் என்று அர்த்தம். "எங்க வீட்டுக்காரர் கொலைக்குக் காய் நறுக்குறவர்" என்று மனைவி சுதா பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பெருமைதான் நிறைய.

பதினான்கு வருஷமாகப் படங்களுக்குச் சத்தம் பிடிக்கிற தொழில். பேர் சொல்லும்படி ஒரு படம் அமையவில்லை. அப்போதுதான் அம்பத்தூர்ப் பையன் தேவா தன் முதல் த்ரில்லரோடு வந்தான்.

"அண்ணாத்தே, ஹீரோயின் பீரோவுக்குள்ள ஒளிஞ்சுகினு கீறா. வெளிய கொலகாரன். மியூசிக்கே வாணாம். மூச்சு மட்டும்தான். தியேட்டர்ல ஒருத்தன் அசையக் கூடாது."

பதினோரு பெண்களை மூச்சுவிடச் சொல்லிப் பதிவு செய்தான் ஜெகதீசன். பயந்த மாதிரி மூச்சு விடுவதற்கும் பயந்து மூச்சு விடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றும் தேறவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் ஹாலில் கதவு கிறீச்சிடுவதைப் பிடித்துக்கொண்டிருந்தான். பரணைத் தூசி தட்டிக்கொண்டிருந்த சுதாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. இறங்கி வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஃப்ரிட்ஜ் மேல் இன்ஹேலர், நாலே எட்டு. எப்போதும் ஓடிப்போய் எடுத்துத் தருகிறவன் அன்றும் எடுத்துத் தந்தான். கொஞ்சம் பிந்தித் தந்தான். பதிவு ஓடும்போது அசையக் கூடாது என்கிற பாழாய்ப்போன தொழில் பழக்கம் காலைக் கட்டிப்போட்டுவிட்டது என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பச்சைப் பொய். மைக்கை அவள் பக்கம் திருப்பியது யார் கை?

தேவா கேட்டுவிட்டுக் குதித்தான். யார் மூச்சு என்று அவன் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. சுதாவிடமும் சொல்லவில்லை.

படம் வந்தது. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து தன் அப்பா அம்மாவையும் வரவழைத்து, இரண்டு டீச்சர்களையும் கூட்டிக்கொண்டு ஆவடி தியேட்டருக்குப் பகல் காட்சிக்கு வந்தாள் சுதா. திரையில் அவன் பெயர் வந்தபோது மாமியார் வசந்தா எழுந்தே நின்று கைதட்டினாள்.

பீரோ காட்சி வந்தது. இசை நின்றது. இழுத்து இழுத்து ஒரு மூச்சு தியேட்டர் முழுக்க நிறைந்தது. பாப்கார்ன் எடுத்த கைகள் அப்படியே நின்றன. இப்படி ஒரு அமைதிக்காக அவன் வாழ்நாள் முழுக்க ஏங்கியிருக்கிறான். ஆசையாகச் சுதா பக்கம் திரும்பினான். அவள் திரையைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சி முடிந்ததும் விசிலும் கைதட்டலும் பறந்தன. ஒவ்வொன்றும் அவன் கன்னத்தில் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. இடைவேளையில் மாமனார் தோளில் தட்டி, "அசத்திட்டீங்க மாப்ள" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுதாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"அன்னிக்கு எவ்ளோ நேரம் நின்னுகினு இருந்தீங்க?"

"நாப்பத்தெட்டு செகண்ட்." பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"நீங்க பாக்கலன்னு நெனச்சு உங்க பக்கம் கைய நீட்டினேன். மூணு வாட்டி. வளையல் அப்டிக் குலுங்குச்சு. படத்துல அந்தச் சத்தம் வரலையே?"



"அத மட்டும் வெட்டி எடுத்துட்டேன் சுதா. மூச்சுக்கு எடஞ்சலா இருந்துச்சு."

"அப்போ உங்களுக்குக் கேட்டுருக்கு" என்றாள் சுதா.